டாக்டர், இதயத்துக்கு எந்த ரெட் ஒயின் நல்லது?

1/
மாசத்துக்கு நாலு பேராவது ஓ.பி.யில் இதைக் கேட்கிறாங்க. கூடவே இன்னொரு கேள்வி: "விலை கம்மியா, நல்லதா ஒண்ணு சொல்லுங்க." கேட்கிறவங்க பெரும்பாலும் குடிப்பழக்கமே இல்லாதவங்க. ஸ்டென்ட் வச்சவர், சுகர் உள்ளவர், கர்ப்பமா இருக்கிற பொண்ணோட அம்மா. என் பதில் ரெண்டு பகுதி. மருந்தா வேணும்னா எந்த ஒயினும் வேண்டாம். ருசிக்குன்னா கடையில எதைப் பார்த்து வாங்கணும்னு சொல்றேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
நம்ம ஊர்ல "ஒயின் ஷாப்"ங்கிற பேரே ஒரு வேடிக்கை. 2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போச்சு, பேர் மட்டும் போகலை. உள்ளே பிராந்தி, ரம், பீர்தான். ஒயின் இருந்தாலும் ஏதோ ஒரு மூலையில் தூசி படிஞ்சு நிக்கும். அதனால ஒயினைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் செவிவழிச் செய்திதான். அதில் மூணு நம்பிக்கை ரொம்பப் பிரபலம்: ரத்தம் ஊறும், கலர் வரும், ஹார்ட்டுக்கு நல்லது.

3/
ரத்தம்: நிறம் சிவப்பா இருக்குங்கிறதைத் தவிர ஒயினுக்கும் ஹீமோகுளோபினுக்கும் சம்பந்தம் இல்லை. ரத்தசோகைக்குக் காரணம் கண்டுபிடிச்சு வைத்தியம் பார்க்கணும். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாவே கிடைக்கும்.

கலர்: முகம் சிவக்கிறது உண்மைதான். ஆல்கஹால் ரத்தக் குழாய்களை விரிக்கும், அரைமணி நேரம் முகம் சிவக்கும். அதுக்குப் பேர் நிறம் இல்லை.

4/
இதில் எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு உண்டு. "கர்ப்பத்துல ரெட் ஒயின் குடிச்சா குழந்தை சிவப்பா பிறக்கும்." படிச்ச வீடுகளிலேயே இந்தப் பேச்சு இருக்கு. ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியா நேரா குழந்தைக்குப் போகும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அந்தப் பாதிப்பு வாழ்நாள் முழுக்க நிற்கும். கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. ஒரு ஸ்பூனும் வேண்டாம். பிறக்கப்போற குழந்தைக்கு எந்த நிறமும் நல்ல நிறம்தான்.

5/
இப்ப ஹார்ட். 1991 நவம்பரில் அமெரிக்காவோட சி.பி.எஸ். டிவியில் "60 மினிட்ஸ்" நிகழ்ச்சியில் ஒரு கேள்வி. பிரெஞ்சுக்காரங்க வெண்ணெயும் சீஸும் இவ்வளவு சாப்பிட்டும் மாரடைப்பு ஏன் குறைவு? ரெட் ஒயின் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் அமெரிக்காவில் ரெட் ஒயின் விற்பனை எகிறிச்சு. "இருக்கலாம்" அங்கேயே காணாமப் போயிடுச்சு. நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தப்போ அது "டாக்டரே சொல்லியிருக்காங்க" ஆயிடுச்சு.

6/
அடுத்து ரெஸ்வெரட்ரால் கதை. திராட்சைத் தோலில் இருக்கிற பொருள். எலிகளுக்குக் கொடுத்து நல்ல முடிவு வந்தது நிஜம். ஆனா ஒரு லிட்டர் ரெட் ஒயினில் இருக்கிறது சில மில்லிகிராம்தான். எலிக்குக் கொடுத்த அளவை நம்ம எடைக்குக் கணக்குப் போட்டா தினமும் நூற்றுக்கணக்கான பாட்டில் ஆகும்!

2014-ல் இத்தாலியின் கியான்டி பகுதியில், ஒயின் ஊறின மண்ணில், 65 வயசு தாண்டின 783 பேரை 9 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. உடம்பில் ரெஸ்வெரட்ரால் அதிகமா இருந்தவங்களுக்கும் குறைவா இருந்தவங்களுக்கும் மாரடைப்பில், கேன்சரில், மரணத்தில் வித்தியாசமே இல்லை.

7/
"அளவா குடிக்கிறவங்க, குடிக்காதவங்களை விட நல்லா இருக்காங்களே?" பழைய ஆய்வுகள் பலதும் அப்படித்தான் சொல்லிச்சு. ஒரு கேள்வி கேளுங்க: அதில் "குடிக்காதவங்க" யாரு? உடம்பு கெட்டுப்போய் குடியை நிறுத்தினவங்களும் அந்தக் கணக்கில்தான் இருந்தாங்க. தினம் ஒரு கிளாஸ் ஒயினோட நிறுத்திக்கிறவங்களுக்குப் பொதுவா வசதி அதிகம், நல்ல சாப்பாடு, நடைப்பயிற்சி, செக்கப் எல்லாம் உண்டு. அந்த நன்மையெல்லாம் ஒயின் கணக்கில் எழுதிட்டோம்.

ஆல்கஹாலை உறுதியான புற்றுநோய்க் காரணின்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே வகைப்படுத்திடுச்சு. ரெட் ஒயினுக்குத் தனிச் சலுகை கிடையாது.

8/
"ஒயின்தானே டாக்டர், சரக்கா என்ன?" இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

750 மில்லி ஒயின், 13.5 சதவீதம்: சுமார் 80 கிராம் ஆல்கஹால்.
180 மில்லி குவார்ட்டர் பிராந்தி, 42.8 சதவீதம்: சுமார் 61 கிராம்.
650 மில்லி பீர், 5 சதவீதம்: சுமார் 26 கிராம்.

அதாவது ஒரு பாட்டில் ஒயின் = ஒண்ணே கால் குவார்ட்டருக்கும் மேல. மூணு பெரிய பீர். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

9/
இங்கதான் விலை விஷயம் வருது. மருந்துன்னு நினைச்சு வாங்குறவர் ருசி பார்க்க மாட்டார், கசாயம் மாதிரிதானே! இருக்கிறதிலேயே மலிவான, இனிப்பான பாட்டிலை எடுப்பார், தினமும் ஊத்துவார். ருசிக்காக வாங்குறவர் லேபிளைத் திருப்பிப் பார்ப்பார், மாசத்துக்கு ஒண்ணு வாங்குவார், ஒரு கிளாஸில் நிறுத்துவார். காசும் உடம்பும் யாருக்கு மிஞ்சும்னு நீங்களே சொல்லுங்க. குடிக்காதவங்க இதுக்காக ஆரம்பிக்க வேண்டியதே இல்லை. எப்பவாவது குடிக்கிறவங்களுக்கு மட்டும் மீதி.

10/
முதல்ல இனிப்பு. லேபிளில் ட்ரை, ஸ்வீட், போர்ட், ஃபோர்ட்டிஃபைட்னு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. பொதுவான அளவுகோலில் ட்ரை ஒயினில் லிட்டருக்கு 4 கிராம் வரைதான் சர்க்கரை. 45 கிராமைத் தாண்டினா ஸ்வீட். ஃபோர்ட்டிஃபைட்னா கூடுதலா ஸ்பிரிட் கலந்தது, சதவீதமும் ஏறியிருக்கும். நம்ம ஊர்ல "போர்ட்"னு விக்கிறது பலதும் சும்மா இனிப்பு ஒயின். அசல் போர்ட் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கிலிருந்து வருவது. இனிப்பு பல குறைகளை மறைச்சிடும், அதனால மட்டமான திராட்சைக்கு அது நல்ல போர்வை.

11/
அடுத்து ஃபாரின் மோகம். இறக்குமதி ஒயினுக்குப் பல வருஷமா சுங்க வரி 150 சதவீதம். கணக்குக்கு: 400 ரூபாய்க்கு வந்து இறங்குற பாட்டில் துறைமுகத்தைத் தாண்டும்போதே 1000. அதுக்கு மேல மாநில வரி, டீலர் லாபம். நீங்க குடிக்கப்போறது 400 ரூபாய் ஒயின்தான், மீதி வரி. ஆஸ்திரேலியாவோட ஒப்பந்தம் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்து வரி குறைஞ்சது. ஆனா பாட்டில் 5 டாலருக்குக் கீழ இருந்தா அந்தச் சலுகை கிடையாது. அதனால அலமாரியில் இருக்கிறதிலேயே மலிவான ஃபாரின் பாட்டில்தான் பெரும்பாலும் உங்க காசுக்கு மோசமான பேரம்.

12/
அதே காசுக்கு நம்ம நாட்டு ஒயினில் ஒரு படி மேல வாங்கலாம். நாசிக் பக்கம் ஷிராஸ், நந்தி மலை அடிவாரத்தில் கேபர்னே-ஷிராஸ் கலவை, சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இத்தாலிய சாஞ்சியோவேசே திராட்சை. சூலா, குரோவர் ஜாம்பா, ஃபிரட்டெல்லி எல்லாம் இந்த இடங்களிலிருந்து வர்றதுதான். எனக்கு எந்தக் கம்பெனியோடயும் தொடர்பு இல்லை. என் கருத்து: ஒவ்வொரு கம்பெனியோட அடிமட்ட பாட்டிலை விட்டுட்டு அடுத்த படியை எடுங்க, ரெண்டு மடங்கு விலைக்கும் போகாதீங்க. டாஸ்மாக் எலைட் கடையில் வகை குறைவு. பெங்களூரு, புதுச்சேரி நண்பர்களுக்குத் தேர்வு அதிகம்.

13/
வருஷம் பாருங்க. "பழசானா நல்லது"ங்கிறது நல்ல பாதாள அறையில் வைக்கிற சில ஒயின்களுக்கு மட்டும். கடையில் கிடைக்கிற சாதாரண ரெட் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள குடிக்கத்தான் செஞ்சது. இந்தியாவில் அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. லேபிளில் அஞ்சாறு வருஷம் பழைய தேதி, விலையில் தள்ளுபடின்னா அது அதிர்ஷ்டம் இல்லை, யாரும் வாங்காத பாட்டில்.

14/
நம்ம ஊருக்குன்னே இருக்கிற பிரச்சனை வெயில். 40 டிகிரியில் ஏ.சி. இல்லாத கடையில் ஒரு கோடை நின்ன ஒயின் வெந்துபோன பழம் மாதிரி இருக்கும். வெயில் படுற கண்ணாடி ஓரம் நிக்கிற பாட்டிலை எடுக்காதீங்க. கார்க் மேல தள்ளியிருந்தா, கழுத்தில் கசிவு இருந்தா வச்சிடுங்க. நல்லா ஓடுற சரக்கா எடுங்க, அது கடையில் அதிக நாள் தங்கியிருக்காது. திருகு மூடின்னா மட்டம்னு நினைக்காதீங்க, நம்ம சூட்டுக்கு அது வசதிதான்.

15/
வீட்டுக்கு வந்ததும்: "ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்"னு சொன்னவர் ரூம் ஐரோப்பாவில் இருந்தது. குடிக்கிறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைங்க, பாதிக் குறை அதிலேயே சரியாகும். முக்கியமா, திறந்த பாட்டிலை அன்னிக்கே முடிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. மூடி ஃபிரிட்ஜில் வச்சா மூணு நாலு நாள் தாங்கும். "வீணாப் போயிடுமே"ன்னு குடிக்கிற மூணாவது கிளாஸ்தான் எனக்குப் பேஷன்ட் அனுப்புது.

16/
இவங்களுக்கு இந்த இழையின் இரண்டாம் பகுதி பொருந்தாது: கர்ப்பிணிகள், கல்லீரல் அல்லது கணையப் பிரச்சனை உள்ளவங்க, ட்ரைகிளிசரைடு மிக அதிகமா உள்ளவங்க, இதயத் துடிப்பு சீரில்லாதவங்க, தூக்க மாத்திரை அல்லது மெட்ரோனிடசோல் எடுக்கிறவங்க, குடியிலிருந்து மீண்டு வந்தவங்க. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுக்கிறவங்க கவனம்: வெறும் வயித்துல குடிச்சா நடுராத்திரியில் சுகர் படுபாதாளத்துக்கு இறங்கலாம். வண்டி ஓட்டுறவங்களுக்குத் தனியா சொல்லணுமா?

17/
சக டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஒயின்னா கொஞ்சம் எடுத்துக்கலாம்"னு நாம சிரிச்சுக்கிட்டே சொல்ற ஒரு வரி, வீட்டுக்குப் போறதுக்குள்ள பிரிஸ்கிரிப்ஷன் ஆயிடுது. இதயத்துக்கு நல்லதுன்னு நிரூபிச்சது பிரஷர் மாத்திரை, ஸ்டாட்டின், நடை, சிகரெட்டை விடுறது. இதில் எதுவும் ஒயின் ஷாப்பில் கிடைக்காது.

ஒயின் ஒரு பானம். பிடிச்சா நல்லதா வாங்குங்க, கொஞ்சமா குடிங்க. பிடிக்கலைன்னா நீங்க இழக்கிறது எதுவும் இல்லை.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. மாத்திரை எடுக்கிறவங்க பேரைச் சொல்லியே கேளுங்க. மாத்திரை பேரை, உங்க பேரை இல்லை. 🙂