யார் குத்து பலமான குத்து?

குட்டீஸ், முகமது அலி நம் சென்னைக்கு வந்திருக்கிறார், தெரியுமா? 1980இல் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதினார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் அந்த இடம் பக்கம்தான்.

2024 நவம்பரில் மைக் டைசன், 58 வயதில் மறுபடி மேடையேறித் தோற்றார். அவரைப் பற்றிப் பேசினாலே, 'அலி, ஃபோர்மேன், டைசன்... யார் குத்து பலமானது?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். கணக்குப் போடுவோமா?

நாக்-அவுட் வெற்றிகள்:

ஃபோர்மேன்: 76 வெற்றிகளில் 68

டைசன்: 50இல் 44

அலி: 56இல் 37

நூற்றுக்கு 89, 88, 66. அப்படியானால் அலி கடைசியா? அவசரப்படாதீர்கள்!

இவை வெவ்வேறு கேள்வித்தாளுக்கு வாங்கிய மார்க்குகள். எதிராளிகள் வேறு. அலி காலத்தில் பட்டப் போட்டிக்கு 15 சுற்று. டைசன் காலத்தில் 12.

ஆனால் அலியும் ஃபோர்மேனும் நேருக்கு நேர் மோதியிருக்கிறார்கள். 1974இல், ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஃபோர்மேன் ஓயாமல் குத்தினார். அலி கயிற்றில் சாய்ந்து தாங்கிக்கொண்டார். குத்திக் குத்தியே களைத்துப்போனவரை 8ஆவது சுற்றில் வீழ்த்தினார். பலத்தோடு பொறுமையும் புத்தியும் சேர்ந்தால்தான் வெற்றி!

இனி 'சச்சினா, கோலியா?' என்று யாராவது கேட்டால், 'இரண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாளா?' என்று கேளுங்கள்.