மோட்டார் வண்டியைத் தாழ்த்துதல்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு திருமணத்தின் பொருட்டு யாம் ஆரணிக்குச் சென்றிருந்தோம். விடியற்காலையில் நெசவாளர் தெருவொன்றில் பட்டுப் பாவை நெடுக நீட்டி இழைகளைச் சீர்செய்துகொண்டிருந்தனர். தெருமுனையில் வந்து நின்ற வெண்ணிறச் செடான் வண்டியொன்று, பாவைச் சுருட்டும் வரையிற் பொறுத்திருந்து, பின்னர்ச் சாக்கடைப் பாலத்தின்மீது ஏறிற்று. ஏறுங்கால் அதன் அடிப்பாகம் கருங்கல்லில் உராய்ந்த ஓசை தறியோசையையும் மீறிக் கேட்டது. இறங்கி வந்தவர் நம் கல்லூரியில் பௌதிகம் பயின்று, இதுபோழ்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரியும் இளைஞர். கடன் வாங்கிய வண்டி. தவணை இன்னும் தீரவில்லை. ஈராண்டுக்கு முன் வாங்கிய அவ்வண்டியின் நான்கு சுருள்வில்களிலும் ஒவ்வொரு சுற்றை ஒரு சாலையோரப் பட்டறையில் அறுத்தெறிந்து அதனைத் தாழ்த்தியிருந்தார். “புது ஸ்பிரிங் வாங்கினால் பெருஞ்செலவு, ஐயா. இது கிட்டத்தட்டச் சும்மா முடிந்தது” என்றார்.

அந்தச் ‘சும்மா’வைக் குறித்தே யாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

வண்டியைத் தாழ்த்த விரும்புவதே பிழை என்று கூறுவார் கூற்றை யாம் ஏற்கோம். சக்கரத்துக்கும் மேற்கூட்டுக்கும் இடையே உள்ள வெற்றிடம் இரு விரற்கடை குறைந்தால் வண்டியின் தோற்றமே மாறிவிடும். கரையின் அகலம் ஒரு விரற்கடை கூடினும் குறையினும் சேலை வேறொன்றாகிவிடும் என்பதை அறிந்த ஊரில் இதனை விளக்க வேண்டுவதில்லை. மேலும் இவ்வழக்கம் பந்தயத்திலிருந்து வந்தது. போர்க்காலத்து விமானத் தளமாயிருந்த சோழவரத்திலும், பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தய வண்டிகள் நிலத்தைத் தழுவிச் செல்வதைக் கண்டு வளர்ந்த தலைமுறைகள் நம் நாட்டில் உண்டு.

ஆயினும் தாழ்த்துவதால் மட்டும் வரும் பயன் எவ்வளவு? வளைவிற் செல்லும்போது ஒரு பக்கத்துச் சக்கரங்களிலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் பாரம், வண்டியின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதற்கு ஏற்றபடி அமையும். செடான் ஒன்றுக்கு அவ்வுயரம் அரை மீட்டருக்குச் சற்று மேல் என்று கொண்டால், 30 மில்லிமீட்டர் தாழ்த்துவதால் மாறும் பாரம் நூற்றுக்கு ஐந்தோ ஆறோதான் குறையும். முன்சக்கரங்கள் மக்பெர்ஸன் ஸ்ட்ரட் முறையில் அமைந்த வண்டியில் அளவுக்கு மீறித் தாழ்த்தினால், கீழ்க்கைகள் மேல்நோக்கிச் சாய்ந்து, வண்டி சாய்வதற்குரிய மையம் ஈர்ப்பு மையத்தினும் வேகமாகக் கீழிறங்கிவிடும். அதனால் சாயும் தன்மை மிகுதலும் உண்டு. வளைவில் வண்டி நிலைத்து நிற்பதாக ஓட்டுவோர் உணர்வதன் பெரும்பங்கு வில்லின் விறைப்பினாலும் ஷாக் அப்ஸார்பரின் பொருத்தத்தினாலும் வருவதே.

இனி அறுத்த வில்லைக் காண்போம். ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை நம் மாணவர் அனைவரும் எழுதித் தேறியிருக்கின்றனர். சுருள்வில்லின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மிகும்; வேலைசெய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை மிக மிகக் குறையும். ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். இளைஞரின் தந்தை, ஐம்பதாண்டு தறியில் அமர்ந்தவர், மகனிடம், “பாவை அறுத்தால் சேலை குட்டையாகுமே ஒழிய இறுக்கமாகுமா, தம்பி?” என்று கேட்டாராம். உவமை பௌதிகத்துக்கு முற்றும் ஒவ்வாது; வில் சிறிது இறுகத்தான் செய்கின்றது. ஆனால் அவ்விறுக்கம் போதுமா என்பதே வினா. சக்கரம் மேலெழுந்து ரப்பர் முட்டில் மோதுமுன் 70 மில்லிமீட்டர் இடம் இருந்ததெனக் கொள்க. அது 35 ஆகிவிட்டால், அதே பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்க வில்லின் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். ஏனெனில் வில் ஏற்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேண்டியது நான்கு மடங்கு; அறுத்ததனாற் கிடைத்ததோ ஐந்தில் ஒரு பங்கு. மிஞ்சிய அடியெல்லாம் முட்டிலும், ஷாக் அப்ஸார்பரிலும், தகட்டிலும் விழுகின்றது. அன்றியும் அறுத்த முனை தன் இருக்கையிற் சரியாகப் படியாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்குங்கால் குறுகிய வில் தளர்ந்து இடம் பெயரவுங் கூடும். தீயிற் காய்ச்சித் தாழ்த்துவோர் செயல் இதனினும் கொடிது. எஃகுக்கு ஊட்டிய பதமே அதில் அழிந்துபோம்.

வேகத்தடைக் கணக்கு ஒன்றும் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள வட்டத்துண்டு. வட்டத்தின் ஆரம் 17 மீட்டர். இருசுகளுக்கிடையே 2.67 மீட்டர் உள்ள செடான் அதன்மேல் ஏறி நிற்கையில், நடுவயிற்றுக்குக் கீழுள்ள இடத்தில் 52 மில்லிமீட்டர் பறிபோகும். நம் நாட்டுச் செடான்கள் பலவற்றுக்கு அடியிடைவெளி ஏறத்தாழ 165. அதில் 40 தாழ்த்தி, நால்வரும் சேலை மூட்டைகளும் ஏறியதனால் இன்னும் ஒரு 40 தாழ்ந்தால் எஞ்சுவது 85. தடைக்குக் கொடுத்ததுபோக 33. இது நின்ற நிலைக் கணக்கு. ஓட்டத்தில் வில் அமுங்குவது வேறு. அளவின்படி அமைந்த தடைக்கே இந்த நிலை. ஆரணியிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ ஆற்காட்டுக்கோ செல்வோர், வயல்வரப்பைப் பெயர்த்து வைத்தாற்போன்ற தடைகளையும் காண்பர்.

ஆகவே 20 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்துதல் நம் சாலைகளுக்கு ஆகாது என்பதே எம் துணிபு. அவ்வளவுக்கும்கூட, 70 இருந்த இடம் 50 ஆவதால், ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பு வேண்டியிருக்கும். நல்ல வில் செய்வோர் அதில் ஒரு பகுதியைத் தடித்த கம்பியால் ஈடு செய்வர். 12 மில்லிமீட்டர்க் கம்பி 13 ஆனால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். மற்றொரு பகுதியை, அமுங்க அமுங்க இறுகும்படி சுற்றுகளை நெருக்கியும் விரித்தும் அமைத்து ஈடு செய்வர். எஞ்சியதை அளவறிந்து செய்த முட்டு ஏற்கும். வாங்குவோர் தம் வண்டியின் ஆண்டு, எஞ்சின், கியர் வகை ஆகிய மூன்றுக்கும் உரியதென்று எண் குறித்த வில்லையே வாங்கவேண்டும். டீசல் எஞ்சினின் முன்பாரம் வேறு, பெட்ரோலின் முன்பாரம் வேறு. பழைய வண்டியினின்று கழற்றிய வில் மலிவாகக் கிடைப்பினும், அது எத்தனை பள்ளம் கண்டதென்று சொல்வார் யார்?

சிக்கனம் வேறோரிடத்தில் உள்ளது. வில்லை மாற்றும் கூலியும் ஷாக் அப்ஸார்பரை மாற்றும் கூலியும் பெரும்பாலும் ஒன்றே. கழற்றும் பாகங்கள் அவையே. ஆதலின் அவை தேய்ந்து மாற்றவேண்டிய காலம் வரும் வரையிற் பொறுத்து, அப்போது வில், முட்டு, மேற்பிடி ரப்பர் யாவற்றையும் ஒருங்கே மாற்றுபவர் இரு முறை கூலியும் இரு முறை அலைன்மென்ட் செலவும் கொடார். காத்திருக்கும் காலத்தில் நல்ல டயர் வாங்கிக்கொள்ளலாம். வளைவில் அது தரும் பயன் 30 மில்லிமீட்டர் தாழ்வினும் பெரிது.

வேலையைத் தாமே செய்யத் துணிவோர்க்கு ஒரு சொல். முன்சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இருக்கின்றது. அதைத் தாங்கும் வில்லைக் கம்ப்ரெஸரால் இறுக்கிப் பிடியாமல் ஸ்ட்ரட்டின் உச்சி நட்டைக் கழற்றுவோர் உயிரோடு விளையாடுகின்றனர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியிற் புகவுங் கூடாது, தாங்குகால் வேண்டும். புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களில் நின்ற பின்பே இறுதியாக முறுக்குக. தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எந்நாளும் திருகியே நிற்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடி வில் படிந்தபின் அலைன்மென்ட் பார்த்து, அளவுத்தாளை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். எம் இளைஞர் இதனைச் செய்யாமையால் முன் டயர்களின் உட்கரை இரு மாதத்திற் கம்பி தெரியத் தேய்ந்திருந்தது.

சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கின்றது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்திற்று. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சுருள்வில் என்ற சொல் அப்பிரிவிற் காணப்படவில்லை என்று வாதிடுவார் உளர். அவ்வாதத்தைச் சாலையோரத்தில் ஆய்வாளரிடம் நிகழ்த்துவதினும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்பதும், காப்பீட்டாருக்கு எழுத்தில் அறிவிப்பதும், பழைய வில்களைப் பத்திரப்படுத்துவதும் நன்று.

எம் இளைஞருக்குப் பத்திரப்படுத்தப் பழைய வில் இல்லை. புதிதாக நான்கு அசல் வில்களும், எண்ணெய் கசிந்துபோன முன் ஷாக் அப்ஸார்பர்களுக்கு மாற்றும், இரு டயர்களும் வாங்கினார். மூன்றும் சேர்ந்த செலவு, முதலில் அவர் அஞ்சிய ‘பெருஞ்செலவை’ விட மிகுதி. அறுத்த வில்கள் திண்ணையடியிற் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை நம் பௌதிக ஆய்வுகூடத்துக்கு அனுப்புமாறு கேட்டிருக்கின்றோம்.