நிலாவாரையும் நாகரிகத் தேநீரும்

மருந்துச் சாஸ்திரம் படித்தவர்கள் "டின்னவெல்லி சென்னா" என்னும் பெயரை அறிவார்கள். இதில் வரும் டின்னவெல்லி, நம்முடைய திருநெல்வேலிதான். 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடி தனி ஜில்லாவாகப் பிரிந்துவிட்ட போதிலும், உலகச் சந்தையில் பழைய பெயரே நிலைத்து நிற்கிறது. சென்னா என்பது நிலாவாரை. நிலவாகை என்று சொல்வாரும் உண்டு. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் நிலங்களில் மஞ்சள் பூவும் தட்டையான காயுமாக நிற்கும் சிறு செடி இது. பனையைப் போலவே இதுவும் வறட்சிக்கு அஞ்சாதது. தண்ணீர் தேங்கினால்தான் வாடிப் போகும்.

இச் செடியின் பூர்விகம் அரபு நாடும் அதை அடுத்த ஆப்பிரிக்கக் கரையும் ஆகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு வைத்தியர்கள் இதைப் பேதி மருந்தாகக் கையாண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தென்கோடியில் இதன் சாகுபடி வேரூன்றியது. தழையைப் பறித்து, பசுமை மாறாதபடி நிழலில் உலர்த்தி, தரம் பிரித்து, சிப்பமாகக் கட்டித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும்.

போன தழை அங்கேயே இருந்துவிடுவதில்லை. "இளைக்கச் செய்யும் தேநீர்", "குடலைச் சுத்தம் செய்யும் தேநீர்" என்று பல வர்ணப் பொட்டலங்களில் நம்மிடமே திரும்பி வருகிறது. அயல் நாட்டுப் பொட்டலங்களைப் பார்த்து நம்மவர்களும் இப்படிப்பட்ட தேநீர் விற்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லாவற்றிலும் நிலாவாரை இருக்கும் என்று சொல்லவில்லை; ஆனால் பலவற்றின் உயிர்நாடி அதுதான். அட்டையில் மெல்லிய இடையுடைய ஒரு பெண்ணின் படம். சேர்ந்திருக்கும் பொருள்களின் பெயரோ பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில்.

இந்தத் தழை உண்மையில் என்ன செய்கிறது? இதிலுள்ள சென்னோசைடு என்னும் பொருள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாறுதலின்றிக் கடந்து செல்கிறது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் பிரித்த பின்னரே அதற்கு வீரியம் வருகிறது. அப்போது அது குடற்சுவரைத் தூண்டி அசையச் செய்கிறது. மலத்திலுள்ள நீர் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. இரவில் உண்டால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பலன் தெரியும். மலச்சிக்கலுக்கு இது நல்ல மருந்து என்பதில் ஐயமே இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இடம் பெற்றிருக்கிறது.

ஆனால் உடல் இளைப்பது வேறு விஷயம். நாம் உண்ட உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. நிலாவாரை வேலை செய்வதோ அதற்கு அப்பாலுள்ள பெருங்குடலில். நெல்லைப் பத்தாயத்தில் கொட்டிய பிறகு வெறும் வண்டியை விரட்டி என்ன பயன்? மறுநாள் தராசில் இரண்டு ராத்தல் குறைந்து காட்டினால், குறைந்தது கொழுப்பன்று, தண்ணீர். ஒரு செம்பு நீர் பருகியதும் அந்தக் குறைவு திரும்பி வந்துவிடும்.

தண்ணீரோடு போனால் பாதகமில்லை. நாள்தோறும் பேதியானால் பொட்டாசியம் என்னும் உப்பும் உடம்பை விட்டுப் போகிறது. அது குறைந்தால் கைகால் தளரும். இருதயத் துடிப்பும் நிலை தவறும். இருதய நோய்க்கும் நீர்க்கோவைக்கும் மருந்து உண்பவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். ஆதலால்தான், மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் இதைத் தொடரக் கூடாது என்றும், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்றும் ஐரோப்பிய மருந்து நிர்வாகத்தார் எச்சரிக்கிறார்கள். கருவுற்ற ஸ்திரீகள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடக் கூடாது. காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்து கொடுப்பது மிகவும் தவறு. குடல்வால் அழற்சியாக இருந்தால் அது உயிருக்கே உலை வைக்கும்.

கல்யாணம் நிச்சயமான பெண்கள் சிலர், வீட்டாருக்குத் தெரியாமல் மாதக் கணக்கில் இத்தகைய தேநீரைக் குடிக்கிறார்கள். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோபித்துப் பொட்டலத்தைப் பிடுங்கி எறிவதைக் காட்டிலும், "நீ பருமன்" என்று அவள் காதில் ஓதியவர் யார் என்று அன்பாக விசாரிப்பது மேல்.

நம் பெரியோர்கள் நிலாவாரையைச் சுக்கு, ஓமம் முதலியவற்றோடு சேர்த்துச் சூரணமாக்கினார்கள். தழை உண்டாக்கும் வயிற்றுக் கடுப்பைத் தணிக்கவே அந்தச் சேர்க்கை. அதையும் மருந்தாகக் கொண்டார்களே அன்றித் தினசரி பானமாகக் கொள்ளவில்லை. ஜீரணம் ஒழுங்காக நடக்கவும், இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருக்கவும் அன்றாடம் வேண்டியவை வேறு: தவிடு நீக்காத தானியம், கம்பு, கேழ்வரகு, முருங்கைக் கீரை, அவரை, கொய்யா, நீர்மோர், போதிய தண்ணீர், மாலையில் அரை மணி நேர நடை. இவற்றுக்கு வர்ண அட்டை இல்லை; ஆனால் பலன் உண்டு. இத்தனை செய்தும் சிக்கல் தீராமலிருந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். நம் துறைமுகத்தில் ஏறும் சரக்கின் லாபம் நம்மவர்க்கே சேர வேண்டும் என்பது அவர் நோக்கம். நிலாவாரை விஷயத்தில் இன்றும் அது நினைக்கத் தக்கதே. தழையை விளைவித்தவனுக்குக் கிடைப்பது சிறு கூலி. பொட்டலம் கட்டியவனுக்குப் பெரும் பணம். மருந்தாக்கும் தொழிலும் தரச் சோதனையும் விளைகிற இடத்துக்கு அருகிலேயே பெருக வேண்டும். ஆனால் நம் மண்ணில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கு செய்யாது என்று நம்புவது சுதேசியம் ஆகாது. சொந்தப் பொருளின் குணத்தோடு குற்றத்தையும் அறிந்து, அளவோடு பயன்படுத்துவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.