குட்டியை மட்டும் எண்ணினால் போதாது

1996 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தில் குளோனிங் முறையில் டாலி பிறந்தபோது உலகம் ஓர் ஆட்டுக்குட்டியைத்தான் பார்த்தது. அந்த ஒன்றுக்காக மடி செல்லோடு இணைக்கப்பட்ட சினைமுட்டைகள் 277. கருப்பையில் வைக்கும் அளவுக்குத் தேறியவை 29. முட்டையின் உட்கருவை நுண்ணூசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, வேறொரு செல்லை உள்ளே வைக்கக் கைத்திறன் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். மடியாகவோ தோலாகவோ இருந்து பழகிய டிஎன்ஏ லேசில் கருவாக மாறுவதில்லை. அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மெத்தில் குறிகள், கரு வளரத் தேவையான மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கின்றன. ஷாங்காய் விஞ்ஞானிகள் அந்தக் குறிகளை நீக்கும் நொதிக்கான ஆர்என்ஏவையும் டிரைகோஸ்டாட்டின் என்ற வேதிப்பொருளையும் கொடுத்துப் பூட்டைத் தளர்த்தினார்கள். 2018இல் இப்படிப் பிறந்த இரண்டு குளோன் குரங்குக் குட்டிகளை அறிவித்தார்கள். அப்போதும் 21 குரங்குகளுக்குள் 79 கருக்களை வைத்துத்தான் அந்த இரண்டு. 2024இல் வெளியான ஆய்வில், நஞ்சுக்கொடியாக வளரும் வெளிச்செல்களைக் குளோன் அல்லாத கருவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தி ஒரு ரீசஸ் குரங்கை வளர்த்திருக்கிறார்கள். குட்டி பிறந்ததைவிட, கரு ஏன் கலைகிறது என்று தேடிய இந்தப் பொறுமையே எனக்குப் பெரிய செய்தி. கலைந்த கருவைச் சுமந்ததும் ஓர் உயிர்தானே! ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் குட்டியின் புகைப்படத்துக்கு முன்னால், எத்தனை தாய் விலங்குகளுக்குக் கரு கலைந்தது என்ற கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.