திறந்த கதவு

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்துள்ள சிற்றூர் ஏலாக்குறிச்சி. இத்தாலி நாட்டிற் பிறந்த வீரமாமுனிவர் இவ்வூரில் தங்கித் தமிழ்ப்பணி புரிந்தார். முப்பது வயதளவில் தமிழ் பயிலத் தொடங்கிய அவர், 1732ஆம் ஆண்டில் சதுரகராதி இயற்றும் அளவிற்குப் புலமை பெற்றார். அவர் புகழைப் பேசுவார் பலர்; அவரைப் போலப் பிறமொழி பயில முற்படுவாரோ மிகச் சிலர்.

பதினேழாம் நூற்றாண்டில், டச்சுக்காரர் எனப்படும் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்தனர். அங்குச் சமய குருவாக இருந்த ஆபிரகாம் ரோசர், பதுமநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றைத் தம் மொழியில் எழுதிவைத்தார். அவர் மறைந்தபின், 1651இல் அந்நூல் லெய்டன் நகரில் அச்சேறியது. 'திறந்த கதவு' என்று தொடங்குவது அதன் பெயர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்தேயுசு என்பவர் 1672இல் ஆம்சுடர்டாமில் வெளியிட்ட நூலில் தமிழ் எழுத்துகளே அச்சிடப்பெற்றுள்ளன.

இத்தகைய அரிய நூல்களை அயல்நாட்டு நூலகங்கள் தனி அறைகளிற் பேணுகின்றன. அங்கே படிப்போர் மையைத் தவிர்த்துக் கரிக்கோலாற் குறிப்பெடுப்பர். தாள்களை மெல்லப் புரட்டுவர். இன்று பல நூல்களின் படிகளைக் கணினியிலும் காணலாம். எனவே, தொலைவு இனித் தடையன்று, மொழியே தடை.

மொழிபெயர்ப்பு இருக்க மூலம் எதற்கு எனச் சிலர் வினவுவர். அந்நாளைய ஒல்லாந்தர் தமிழை 'மலபார் மொழி' என்றே குறித்தனர். இதனை அறியாதார், தமிழைப் பற்றிய செய்தியை வேறொரு மொழிக்கு உரியதாகக் கொள்வர். மேலும், அவர்கள் நம் நாட்டை வணிகராகவும் சமயம் பரப்புவோராகவும் நோக்கியவர்கள். அவர்தம் நூலிற் பொன்னும் உண்டு, பதரும் உண்டு. நம் ஊரையும் வழக்கத்தையும் அறிந்தவர் மூலத்தைப் படித்தாலன்றி இரண்டையும் பிரித்தறிதல் அரிது.

இஃது இயலாத செயலன்று. மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி, ஒல்லாந்தர் ஆளுநர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக இலத்தீனில் வெளிவரச் செய்த நூலை, கேரளத்து அறிஞர் மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்திற் பெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் அதனை 2003இல் வெளியிட்டது.

மாணவர்களே! கதவு திறந்தே இருக்கிறது. இத்தாலியிலிருந்து ஒருவர் ஏலாக்குறிச்சிக்கு வந்து தமிழ் கற்றார். ஏலாக்குறிச்சியிலிருந்து ஒருவர் சென்று ஒல்லாந்தர் மொழி கற்றல் ஆகாதோ? நம் முன்னோரைப் பற்றிப் பிறர் எழுதியதை நாமே படித்துத் தெளிதல் நம் கடமையன்றோ?