போஸ் தெரியும்... பாய்ஸ் தெரியுமா?

‘பாய்ஸ்’னதும் பசங்க ஞாபகம் வருதா? இது வேற பாய்ஸ். பதறாத நிதானம், அதுல ஒரு கம்பீரம்! புரியணும்னா ஒரு போட்டோ ஷூட்டுக்குப் போகலாம், வாங்க.

1955. பாரீஸில் ஒரு சர்க்கஸ் அரங்கம். ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ பத்திரிகைக்காகப் படம் எடுப்பவர் ரிச்சர்ட் அவெடன். சங்கிலி போட்ட யானைகளுக்கு நடுவே, டியோர் கவுனில் அந்தக் காலத்து டாப் மாடல் டோவிமா. டொரத்தி, வர்ஜீனியா, மார்கரெட் என்ற தன் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து அவர் வைத்துக்கொண்ட பெயர் அது!

கறுப்பு கவுனின் இடுப்பிலிருந்து நீளமாகத் தொங்கும் வெள்ளைத் துணிக்குப் பேர் ‘சாஷ்’. அரபியிலிருந்து வந்த வார்த்தை.

கைகளை நீட்டி நின்றது ‘போஸ்’. பக்கத்திலேயே யானை இருந்தும் அலட்டிக்காம நின்றது ‘பாய்ஸ்’. எடை, தராசு சம்பந்தப்பட்ட பழைய சொல் இது. முள் ஆடாம நிற்குதே, அந்த நிலைதான்!

போஸ் கொடுக்காம, இயல்பா இருக்கும்போது எடுத்தால் ‘கேண்டிட்’ போட்டோ. லத்தீனில் ‘கேண்டிடஸ்’னா பளிச் வெள்ளை. பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெள்ளை அங்கியில் வந்ததால்தான் ‘கேண்டிடேட்’. வெள்ளை மனசோட, ஒளிவுமறைவு இல்லாம பேசினாலும் கேண்டிட்தான்.

கேம்பஸ் இன்டர்வியூவில் நீங்களும் ஒரு கேண்டிடேட். பதில் தெரியலையா? சுத்தி வளைக்காம, கேண்டிடா ‘தெரியலை சார்’னு சொல்லுங்க. ஆனா, பாய்ஸோட!