பிரமாவின் பகலும் டோல்மன் கணக்கும்

பிரபஞ்சம் விரிந்து, சுருங்கி, மறுபடியும் விரியலாம் என்று விஞ்ஞானிகள் சிலர் சொன்னாலும் சொன்னார்கள். உடனே நமது புராணப் பண்டிதர்கள் "எங்கள் கற்பமும் பிரளயமும் இதுதானே" என்று மேடையேறி விட்டார்கள். ஏறட்டும். நாம் கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் டோல்மன் என்பவர் 1930-களில் இந்தச் சுழற்சியை உஷ்ண சாஸ்திரத்தைக் கொண்டு பரிசோதித்தார். சூடான காப்பி ஆறும். ஆறிய காப்பி தானே சூடாகாது. காற்றில் கலந்த சூடு கலந்ததுதான். இந்தச் சிதறலின் அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். அது சுற்றுக்குச் சுற்று கூடும். கூடக் கூட அடுத்த சுற்று நீளும். ஆகவே பின்னோக்கிப் போகப் போகச் சுற்றுகள் சிறுத்துக்கொண்டே போகும். பிரமாவின் பகலோ எப்போதும் 432 கோடி வருஷம்! இப்போதைய விரிவுக்கே சுமார் 1380 கோடி வருஷம் ஆகிவிட்டதே, பிரமாவுக்கு இன்னும் பொழுது சாயவில்லையா?

ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியைத் திருத்தி, சுருங்கிய பிரபஞ்சம் பந்துபோல் எழும்பும்படி இன்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அவர்களும் என்ட்ரோபிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றும் ருஜுவாகவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். விரிவு வேகமெடுக்கிறதென்று 1998-இல் தெரிந்தபோது விஞ்ஞானிகள் தங்கள் கணக்கைத் திருத்தினார்கள். பண்டிதர்கள் எதைத் திருத்தினார்கள் என்று கேட்கிறோம்.